வண்டியின் அடியில் நான் அடைத்த துளைகள்

1

“பேனா புடிச்ச கைக்கு இரும்பு நிக்காது அம்மிணி. நாஞ் சொல்றத வேணும்னா எழுதி வெச்சுக்க.”

அண்ணி இதைச் சொன்னபோது திருச்செங்கோட்டில், லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றின் வாசலில் நின்றிருந்தோம். எதிரே எங்கள் வண்டி. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் அடிச்சட்டத்தின் மேல் அண்ணன் ஒரு சின்ன வீட்டையே கட்டியிருந்தார். இரண்டு படுக்கை, மடக்கு மேஜை, மூலையில் அடுப்பு, பின்பக்கம் மேலே தூக்கிவிடும் அகலமான கதவு. சுற்றுலா வருகிறவர்கள் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அந்தமானைச் சுற்றிப் பார்க்கலாம். யோசனை என்னுடையது. வேலை முழுவதும் அண்ணனுடையது.

இதைப் படிக்கிறவர்களுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பிறகு கல்லூரியையும் முடித்தேன். அண்ணன் இரண்டாம் வகுப்போடு பட்டறைக்குப் போனவர். நான் பத்தாம் வகுப்பில் தேறிய நாளிலிருந்து வீட்டில் யாரும் என்னை மறுத்துப் பேசியதில்லை. மாத்திரை எத்தனை வேளை, ரேஷன் அட்டையில் எந்தப் பெயர், எல்லாம் என்னைக் கேட்டுத்தான். ஒருமுறை பஸ் ஆறு மணிக்கு என்று நான் தப்பாகச் சொல்லி, அது ஐந்தரைக்கே போய்விட்டது. மாமன் மகன் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்த மொத்தக் குடும்பமும் பட்டுப்புடவையோடு திரும்பி வந்து தயிர்ச்சோறு சாப்பிட்டது. ஒருவர்கூட “நீதானே சொன்னே” என்று கேட்கவில்லை. அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அண்ணி சரசு மட்டும் அந்த வழக்கத்துக்குள் வரவில்லை. அவர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். தறிக்கூடத்தில் வேலை. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். அன்று பட்டறை வாசலில் எனக்குச் சுருக்கென்றது. “பாத்துக்கறேங்கண்ணி” என்று மட்டும் சொன்னேன்.

2

வண்டிக்கு முன்பே நான் போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும், அங்கே போகும் வாகனங்களுக்கான காகிதங்களைத் தயார் செய்வது. தங்குவது கராச்சர்மாவில் ஓர் அறை. காலையில் பஸ் பிடித்து டவுனுக்குப் போய், மாலையில் பஸ் பிடித்துத் திரும்பும் வாழ்க்கை.

வண்டியோடு அண்ணனும் கப்பலில் வந்தார். ஒரு சீசன் முழுக்க இருந்தார். வாந்தி எடுத்தே வந்து சேர்ந்த மனிதர், இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: “சுத்தியும் தண்ணி. கொழாயில மட்டும் மூணு நாளைக்கு ஒருக்கா. என்ன ஊரு அம்மிணி இது?”

உண்மைதான். கோடையில் கராச்சர்மாவில் குழாய்த் தண்ணீர் வருவது அப்படித்தான். வண்டியைக் கழுவ நான் இரண்டு குடம் எடுத்தால் பக்கத்து வீட்டு வங்காளி அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆத்மி பியாஸா, காடி நஹாயேகா?” என்பார். மனுஷன் தாகத்தில் இருக்கிறான், வண்டிக்குக் குளியலா என்று பொருள். அதனால் மேலே கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் கழுவுவேன். அடியைக் கழுவத் தண்ணீர் மிஞ்சாது.

அடியில்தான் உப்பு. பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் கடற்கழியைத் தாண்ட வண்டியை ஃபெர்ரியில் ஏற்ற வேண்டும். ஏற்றும் சரிவில் எப்போதும் கடல்தண்ணீர் நிற்கும். சக்கரம் முக்கால்வாசி நனைந்துதான் ஏறும். வாண்டூரிலும் சிடியா டாப்புவிலும் வண்டியை நிறுத்துவதே கடற்கரையை ஒட்டி.

சீசன் முடிந்ததும் அண்ணன் ஊருக்குத் திரும்பினார். அண்ணியையும் மகள் தர்ஷினியையும் விட்டு அவரால் இருக்க முடியவில்லை. போகும்போது சாவியை என் கையில் கொடுத்து, “நீயே ஓட்டு. என்ன பெரிய வித்தையா?” என்றார். ஓட்டினேன். உரிமம் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண்ணும் நான்தான். விடுமுறை நாட்களில் பயணிகளை நானே அழைத்துப் போவேன். ஃபெர்ரிக்காரர்கள் “மேடம் கா காடி”, மேடத்தின் வண்டி, என்று வழி விடுவார்கள். அந்தக் குரலைக் கேட்கும்போது அண்ணி இங்கே இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தத் தீவுகளின் பூரானை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம், விரல் பருமன். மழைக்காலத்தில் ஒரு மதியம், சிடியா டாப்புவில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பயணியின் மகளைப் பூரான் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டு, வீக்கம் இறங்கி, குழந்தை இரண்டு நாளில் சரியாகிவிட்டாள். அவள் அப்பா என்னைப் பார்த்துக் கத்தியது மட்டும் நெடுநாள் காதில் இருந்தது.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். தரையில் ஒரு போல்ட் துளை தளர்ந்திருந்தது. கீழே படுத்துப் பார்த்தேன். அண்ணன் அடிச்சட்டத்தின் மேல் நீளவாக்கில் சதுரக் குழாய்களைப் பற்றவைத்து, அவற்றின் மேல்தான் தரையை நிறுத்தியிருந்தார். அந்தக் குழாய்களின் அடிப்பக்கத்தில் சீராக, சுண்டுவிரல் போகும் அளவுக்குத் துளைகள். இருபத்திரண்டு. பூரான் குழாய்க்குள் ஏறி, போல்ட் துளை வழியாக மேலே வந்த வழி தெரிந்துவிட்டது.

அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, இவை எதற்கு என்று கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் கேட்பது அவர்கள், சொல்வது நான்.

கடையில் போய் இரண்டு கலவையைப் பிசைந்து ஒட்டும் பசை வாங்கிவந்தேன். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதில் மல்லாந்து படுத்து, இருபத்திரண்டு துளைகளையும் அடைத்தேன். மேலே தார் போன்ற கறுப்புப் பெயிண்ட் இரண்டு பூச்சு. தோள் இரண்டு நாள் வலித்தது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள்தான் பதில் வந்தது. குரல் பதிவு.

“அழகா இருக்குது அம்மிணி. என்னைவிட நல்லா அடிச்சிருக்கற.”

அதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது.

3

போன வருடம் ஆவணியில் அண்ணன் இறந்துபோனார். பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலி. எனக்குச் செய்தி வந்தபோது போர்ட் பிளேயரில் விடாத மழை. சென்னையிலிருந்து வந்த விமானம் மேலேயே சுற்றிவிட்டு இறங்காமல் திரும்பிப் போனது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பால் தெளித்துவிட்டு வந்திருந்தார்கள். அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. தூரத்தில் வாழ்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்த மூன்று நாள்தான்.

இந்த ஆனி மாதம் அண்ணி போன் செய்தார்.

“அம்மிணி, உங்கண்ணனுக்கு வருசம் வருது. அதுக்குள்ள வண்டிய அனுப்பிப்போடு.”

“வண்டியையாங்கண்ணி?”

“ஆமா. பைபாஸ் பக்கத்துல எடம் பாத்து வெச்சிருக்கறேன். காலையில இட்லி தோசை, சாயங்காலம் போண்டா. அந்தப் பின்கதவத் தூக்குனா கடை. அடுப்பு கூட அவரே வெச்சிருக்கறாரு. ராத்திரிக்கு நிறுத்த வீட்டுக்கு முன்னால தகரக்கொட்டாய் போட்டாச்சு.”

“கொட்டாய் போட்டுட்டீங்களா?”

“போடாம? தறியில வர்றது பத்த மாட்டீங்குது. காலாண்டுப் பரீட்சை முடிஞ்சா தர்ஷினியையும் தறிக்குக் கூட்டிட்டு வான்னு முதலாளி சொல்றாரு. கடை ஓடுச்சுன்னா அவ படிக்கட்டும்.”

தர்ஷினி ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் என் பின்னால் படித்து வரும் ஒரே ஆள். வண்டி என் பெயரில் பதிவாகியிருந்தது, காகிதத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் என்பதால். மற்றபடி அது யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“அடுத்த கப்பல்ல ஏத்தியுடறேங்கண்ணி. புதுசாட்ட வெச்சிருக்கறேன், வந்து பாருங்க” என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தை எதற்குச் சேர்த்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

4

அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று யோகநாதனின் வெல்டிங் கடைக்கு ஓட்டிப் போனேன். அவர் நிக்கோபாரில், கச்சால் தீவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி, அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். பாதித் தமிழ், பாதி இந்தி பேசுவார்.

வண்டியின் கீழே ஊர்ந்து போனார். வெளிச்சம் அடித்தார்.

“யாரு தங்கச்சி பெயிண்ட் அடிச்சது? ஏக்தம் சினிமா நடிகர் மாதிரி இருக்கே.”

“நான்தான்” என்றேன்.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். முன்பக்கம் கணீர் என்றது. நடுவே வர வரச் சத்தம் மந்தமானது, ஈரமண்ணில் தட்டுவதுபோல. பிறகு சத்தமே இல்லை. சுத்தியல் குழாய்க்குள் இறங்கியிருந்தது. அவர் அதை இழுத்ததும் உள்ளிருந்து பழுப்புத் தண்ணீர் கொட்டியது. அவர் முகத்தில், கழுத்தில், சட்டையில். கைப்பிடி கைப்பிடியாகத் துருச் செதில்கள் கூடவே விழுந்தன. கடல் நாற்றம் அடித்தது.

“அரே பாப் ரே!” என்று புரண்டு வெளியே வந்தார். துப்பினார். “உப்பு! இதுக்குள்ள எத்தனை மாசத்துத் தண்ணி நிக்குது தெரியுமா? ஏன் தங்கச்சி, கட்டினவன் ஓட்டை வைக்கலியா?”

“வெச்சிருந்தார்.”

“எங்க?”

நான் குனிந்து காட்டினேன். அவர் நகத்தால் கறுப்பைச் சுரண்டினார். பசை தெரிந்தது. அடுத்ததைச் சுரண்டினார். அங்கேயும். என்னை நிமிர்ந்து பார்த்தார். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேலே இருக்கும் போல்ட் துளைகள் வழியாகவும், பின்முனை வழியாகவும் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். கீழே இறங்கிப் போகத்தான் அந்த வழி. அதைப் பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேனா என்று தெரியவில்லை. தரையில் ஓடிய பழுப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முதல் சீசனின் தண்ணீரும் கொஞ்சம் இருக்குமோ, அண்ணன் ஃபெர்ரியில் பயந்து பயந்து ஏற்றியபோது உள்ளே போனது, என்று ஓர் எண்ணம். இருக்க வாய்ப்பில்லை, அப்போது துளைகள் திறந்திருந்தன என்று கணக்குப் போட்டதும்தான் அழுகை வந்தது.

அடிச்சட்டமும் போயிருந்தது. குழாய் அதன் மேல் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் விரலால் உடைக்கும் அளவுக்கு இற்றிருந்தது.

“ஒண்ணு பண்ணலாம்” என்றார் யோகநாதன். “மேல மேல தகடு வச்சு ஒட்டி, கறுப்படிச்சுத் தர்றேன். பாக்கிறவனுக்குத் தெரியாது. கப்பல்ல ஏறிடும். ஆனா ஓடுறப்ப எப்ப முறியும்னு எனக்குத் தெரியாது. சச் போல்தா ஹூன். உண்மையச் சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.”

5

கப்பலில் வாகனம் ஏற்றுவதற்கான காகிதத்தில், வண்டியின் நிலை நன்றாக உள்ளது என்று ஒரு வரி வரும். அடியில் உரிமையாளர் கையெழுத்து. தினமும் மற்றவர்களுக்காக நான் தயார் செய்யும் காகிதம்தான். அந்த வாரம் என் பெயருக்கு ஒன்றைத் தயார் செய்து மேஜை டிராயரில் வைத்திருந்தேன்.

தகடு ஒட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன். ஊரில் நின்ற இடத்தில் நிற்கும் கடைதானே, எவ்வளவு தூரம் ஓடப் போகிறது? தினமும் வீட்டிலிருந்து பைபாஸுக்கு, பைபாஸிலிருந்து வீட்டுக்கு. அண்ணி எதையும் கண்டுபிடிக்க மாட்டார். இரண்டு நாள் இப்படியே எனக்கு நானே பேசிக்கொண்டேன். மூன்றாம் நாள், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அண்ணி நிற்பதும், பக்கத்தில் தர்ஷினி பொட்டலம் கட்டுவதும், அவர்கள் காலுக்குக் கீழே இருப்பது என்ன என்பதும் ஒன்றாகக் கண்ணில் வந்தன. காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து அண்ணிக்குப் போன் செய்தேன்.

“சொல்லு அம்மிணி. ஏத்தியாச்சா?”

“இல்லைங்கண்ணி. வண்டி வராதுங்க.”

பின்னால் தறிகளின் சத்தம். அவர் நடந்து வெளியே வருவது தெரிந்தது. சத்தம் குறைந்தது.

“வராதுன்னா? வித்துப்போட்டியா?”

“ஐயோ, இல்லைங்க. அடியில துரு. அண்ணன் போட்ட கொழாய் பூரா உள்ளுக்குள்ள அரிச்சுப்போச்சு. தப்பு என்னோடதுங்க. தண்ணி எறங்க அண்ணன் உட்டிருந்த ஓட்டையெல்லாம் நான் அடைச்சுப்போட்டேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“எதுக்கு அடைச்ச?”

“பூரான் வந்துச்சுங்க. ஒரு புள்ளயக் கடிச்சுப்போட்டுது.”

“எத்தாப்பெருசு?”

“ஒரு சாணுக்கு மேல இருக்குமுங்க.”

“ஏயப்பா” என்றார். பிறகு அவரே குரலைத் தணித்தார்.

“உங்கண்ணனுக்குத் தெரியும்.”

“என்னதுங்க?”

“நீ கறுப்படிச்சுப் போட்டோ அனுப்புனியல்ல, அன்னிக்கே. தர்ஷினிய உட்டுப் பெருசு பண்ணிப் பாத்தாரு. ‘ஓட்டை ஒண்ணையும் காணமே சரசு, புள்ள அடைச்சுருச்சாட்ட இருக்குது’ன்னாரு. போனப் போட்டுச் சொல்லுங்கன்னேன். ஒரு ராத்திரி பூரா யோசிச்சாரு. ‘படிச்ச புள்ள. ஆசையா அடிச்சிருக்குது. இப்பப் போயித் தப்புன்னா மொகம் சுண்டிப்போயிரும். தையில போறப்ப நானே தொறந்து உட்டுக்கறேன்’னு சொல்லிப்போட்டாரு.”

தைக்கு முன்னால் ஆவணி வந்துவிட்டது.

“நீங்களாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்கண்ணி?”

“நான் சொல்லி நீ கேட்டிருப்பியா?”

“அண்ணி...” என்று ஆரம்பித்தேன்.

“போன வையி. தறி நிக்குது.”

அதற்குப் பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் அண்ணி எடுக்கவில்லை. நான்கு நாள் கழித்துத் தர்ஷினி செய்தி அனுப்பினாள். “அத்தை, அம்மா உங்க மேல கோவமா இல்ல. அழுதுட்டே இருக்காங்க. கொட்டாயப் பிரிச்சுட்டாங்க. பரீட்சை முடிஞ்சதும் நான் தறிக்குப் போறேன். பரவாயில்ல அத்தை.”

அந்தப் ‘பரவாயில்ல’வைப் படித்துவிட்டுத்தான் உடைந்துபோனேன். பதினான்கு வயதில் அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள், என்னிடம் எதையும் மறுத்துச் சொல்லக் கூடாது என்று. ஐந்தரை மணி பஸ்ஸிலிருந்து இருபத்திரண்டு துளைகள் வரை, எனக்கு முகம் சுண்டக் கூடாது என்று எத்தனை பேர் எத்தனை விஷயத்தை விழுங்கியிருப்பார்கள்? நான் அதை மரியாதை என்று எண்ணிக்கொண்டு, நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

6

யோகநாதனிடம் போய், தகடு வேண்டாம் என்றேன். மேலே இருப்பதைக் காப்பாற்ற முடியுமா?

“மேல் பொட்டி சுத்தமா இருக்கு தங்கச்சி. தகடெல்லாம் அலுமினியம், அதை ஜங், அதான் துரு, தொடாது. தூண் நாலு விரக்கடை வரைக்கும் போயிருக்கு. அதுக்கு மேல அறுத்து எடுத்துடலாம். ஆனா அதுக்கப்புறம் அது வண்டி இல்ல.”

“வண்டி வேண்டாம்.”

இரண்டு நாள் ஆயிற்று. சங்கிலி கப்பியைக் கட்டி, தூண்களை ஒவ்வொன்றாக அறுத்து, பெட்டியைத் தூக்கினார்கள். அண்ணன் கட்டிய வீடு சின்னதாக ஆடிக்கொண்டு மேலே நின்றது. கீழே நின்ற எலும்புக்கூட்டை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பெட்டிக்கு அடியில் புதுக் குழாய் வைத்துப் பற்றவைத்தார். நான் பக்கத்திலேயே நின்று, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். “அய்யோ தங்கச்சி, வேலை செய்ய விடு” என்று ஒருமுறை கத்தினார். அன்று முழுவதும் எனக்கு ஆறுதலாக இருந்தது அந்தக் கத்தல் ஒன்றுதான்.

பதிவை ரத்து செய்ய, அடிச்சட்டத்தில் எண் பொறித்த துண்டை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சாண் இரும்பு மட்டும் கெடாமல் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்தவர், என்ன ஆயிற்று என்று இந்தியில் கேட்டார். “காடி மர் கயி” என்றேன். செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். “காடி மர்தி நஹீ மேடம், கபாட் ஹோதி ஹை.” வண்டி சாகாது, பழைய இரும்பு ஆகும்.

“டீக் ஹை” என்று சொல்லி, அவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி போன வாரச் சரக்குக் கப்பலில் போய்விட்டது. பைபாஸில் செங்கல் அடுக்கி அதன் மேல் நிறுத்திவிட்டால் கடைதான். உருண்டு ஓட வேண்டியதில்லை. தர்ஷினிக்கு எழுதினேன்: பெட்டி வருகிறது, தறிக்குப் போகாதே. காலையில் நீ பள்ளிக்கூடம் போ, கடையில் அம்மாவோடு நான் நிற்கிறேன். இதில் உனக்கு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் உடனே சொல். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “அத்தை, அந்த இடத்துல காலைல கூட்டம் வராது. சாயங்காலம்தான். அம்மாவுக்கும் தெரியல.”

அலுவலகத்தில் ஆறு மாதத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு கேட்டேன். திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். சரி என்று எழுதிக் கொடுத்தேன். கராச்சர்மா அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்தேன்.

இதைக் கப்பலில் இருந்துதான் எழுதுகிறேன். நேற்று மதியம் புறப்பட்டது. அண்ணி இன்னும் போனை எடுக்கவில்லை. எனக்கு ஒரு தோசைகூட வட்டமாக ஊற்ற வராது. கல்லின் முன்னால் நிறுத்தி வைத்து, நாலு பேர் பார்க்க அவர் என்னைத் திட்டட்டும் என்று ஏறிவிட்டேன்.